அடைக்கலப் பொருள்

தமிழ்ப் பள்ளி எதுவாயினும் அதன் தலைமையாசிரியர் அறையில் பழைய அலமாரி ஒன்று இருக்கும். அதன் அடித்தட்டில், ஆண்டு விழாவுக்கும் போட்டிகளுக்கும் பிள்ளைகள் வரைந்த படங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வரைந்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருப்பர். சிலர் தாயும் தந்தையுமாகவே ஆகியிருப்பர். படங்கள் மட்டும் அங்கேயே இருக்கும். அவை யாருடையவை? தாள் பள்ளி வாங்கித் தந்தது. வண்ணமும் பள்ளி தந்தது. வரைந்த நேரமும் பாட வேளையே. ஆதலால் அவை பள்ளிக்கே உரியவை எனலாமா? கண்ட காட்சியும், அதனைத் தாளில் இறக்கிய கையும் பிள்ளையுடையவை ஆயிற்றே. ஆதலால் பிள்ளைக்கே உரியவை எனலாமா?

முப்பதாண்டுக்கு அண்மையான ஆசிரியப் பணியில் இவ்வினாவை நான் எனக்குள் எழுப்பிக் கொண்டதே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் படித்துக்கொண்டிருந்த என் முன்னாள் மாணவர் ஒருவர் எழுதிய மடலே அதனை எழுப்பிற்று. தம் பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்தில் பள்ளிச் சிறுவர்கள் வரைந்த ஓவியங்கள் சிலவற்றைக் கண்டதாகவும், அவற்றின் கதையைக் கேட்டபோது என் நினைவு வந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். அக்கதையைத் தேடிப் படித்தேன். படித்தபின் அந்த அலமாரியைப் பழைய கண்ணால் காண இயலவில்லை.

பெர்த் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் கட்டானிங் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே கேரோலப் என்றோர் இடம். அப்பகுதியின் ஆதிக்குடிகள் நூங்கார் மக்கள். அவர்களுக்கென்று அரசு 1915ஆம் ஆண்டில் அங்குக் குடியிருப்பு ஒன்றை அமைத்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு, 1940ஆம் ஆண்டையொட்டி மீண்டும் திறக்கப்பட்டது. ‘குடியிருப்பு’ என்னும் சொல்லைக் கேட்டு ஏமாறுதல் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைமைப் பாதுகாவலர் என்னும் அரசு அலுவலரையே சட்டமுறைக் காப்பாளராக ஆக்கியிருந்தது. 1936ஆம் ஆண்டில் அவ்வயது இருபத்தொன்றாக உயர்த்தப்பட்டது. பெற்ற தாய் உயிரோடிருக்கையிலேயே பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோக இச்சட்டங்கள் வழி செய்தன. அவ்வாறு கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் கேரோலப்பிலும் இருந்தனர். இரவில் அவர்கள் விடுதிக்குள் வைத்துப் பூட்டப்பட்டனர்.

இத்தகைய இடத்துக்கு 1946ஆம் ஆண்டில் நோயல் வைட் என்பவர் தலைமையாசிரியராக வந்தார். அச்சமும் ஊமைத்தனமும் நிறைந்த வகுப்பறையை அவர் கண்டார். ஆசிரியராய் இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். பிள்ளை பேச மறுக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? குரலை உயர்த்துகின்றோம், அல்லது அப்பிள்ளைக்குப் படிப்பு வராது என்று எழுதிவிடுகின்றோம். வைட் அவ்விரண்டையும் செய்யவில்லை. அவரும் அவர் துணைவியார் லில்லியும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றனர். காட்டிலும் மேட்டிலும் நடக்கவிட்டு, மரத்தையும் விலங்கையும் ஒளியையும் உற்று நோக்கச் செய்து, திரும்பி வந்தபின் கண்டதை வரையச் சொன்னார்கள்.

பிள்ளைகள் வரைந்தனர். செக்கர் வானத்தின் எதிரே கறுத்து நிற்கும் மரங்கள், நீண்டு விழும் நிழல்கள், வேட்டையாடும் ஆடவர், கங்காருக் கூட்டம், தம் முன்னோரின் கூத்து ஆகியவை வண்ணச் சுண்ணக்கோலில் தாளில் எழுந்தன. பார்னெல் டெம்ப்ஸ்டர், ரெய்னோல்ட் ஹார்ட், பேரி லூ, ரெவல் கூப்பர் முதலிய சிறுவர்களின் கைகள் அவற்றைத் தீட்டின. நூங்கார் வாழ்வை மறக்கச் செய்யவே அமைக்கப்பட்ட இடத்திலிருந்து நூங்கார் நிலத்தின் மாலைப் பொழுது தாளில் உதித்தது வியப்பே. எந்த ஓவியக் கல்லூரியும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. அந்நிலமே கற்பித்தது; ஆசிரியர் அதற்குக் கதவைத் திறந்துவிட்டார்.

1949ஆம் ஆண்டில் புளோரன்ஸ் ரட்டர் என்னும் ஆங்கிலேய அம்மையார் அப்பள்ளிக்கு வந்தார். எழுபது வயதைக் கடந்திருந்த அவர் அப்படங்களில் மனத்தைப் பறிகொடுத்தார். பலவற்றை வாங்கிச் சென்று இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பிற இடங்களிலும் காட்சிக்கு வைத்தார். உலகம் பாராட்டிற்று. ஆயினும் அப்பாராட்டு கேரோலப்பைக் காப்பாற்றவில்லை. 1951ஆம் ஆண்டுக்குள் அப்பள்ளி மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் சிதறினர். படங்கள் ஐரோப்பாவில் கைதட்டல் பெற, வரைந்த கைகள் பண்ணைக் கூலிக்கும் அதனினும் கீழான நிலைக்கும் சென்றன. அவர்களுள் மிகுந்த திறமை வாய்ந்தவராகிய ரெவல் கூப்பர் தம் வாழ்வின் பல ஆண்டுகளைச் சிறைகளில் கழித்தார். சிறைக்குள்ளும் அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. தீட்டியது பெரும்பாலும் தம் தென்மேற்கு நிலத்தையே. 1983ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ரட்டர் அம்மையார் தம்மிடம் இருந்த படங்களை 1950களின் நடுவில் நியூயார்க் நகரச் செல்வர் ஹெர்பர்ட் மேயரிடம் விற்றார். மேயர் 1966ஆம் ஆண்டில் அவற்றைத் தாம் பயின்ற கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். நாம் பற்பசையின் பெயராக அறிந்திருக்கும் அந்தக் குடும்பத்தின் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கு அவை நெடுங்காலம் பெட்டிகளில் கிடந்தன. 2004ஆம் ஆண்டில் ஹோவர்ட் மோர்பி என்னும் மானிடவியல் அறிஞர் அங்குச் சென்றபோது அவற்றைக் கண்டு, அவை இன்னவை என அடையாளம் தெரிந்துகொண்டார். 2006ஆம் ஆண்டில் அவற்றுட் சில கட்டானிங் ஊருக்கே காட்சிக்காகக் கொண்டுவரப்பட்டன. ஈற்றில் 2013ஆம் ஆண்டில் கோல்கேட் பல்கலைக்கழகம், வழக்கோ வற்புறுத்தலோ இன்றி, அத்தொகுப்பு முழுவதையும் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. நம் சரவாக் மாநிலத்து மீரி நகரில் 1999ஆம் ஆண்டு முதல் கிளை வளாகம் நடத்திவரும் பல்கலைக்கழகமே அது. நூற்றுக்கு மேற்பட்ட அப்படங்கள் இன்று அங்கே இருக்கின்றன.

இக்கதையை மேலோட்டமாகக் கேட்பவர், ‘எடுத்தவர் தீயவர், கொடுத்தவர் நல்லவர்’ என்று எளிதாகத் தீர்ப்பெழுதிவிடுவர். அறவினா அத்துணை எளிதன்று. ரட்டர் அம்மையார் திருடவில்லை, விலை கொடுத்தார். மேயரும் விலை கொடுத்தார். கோல்கேட் பல்கலைக்கழகம் நன்கொடையாகப் பெற்றது. ஒவ்வொரு படியிலும் சட்டம் நிறைவுற்றிருக்கிறது. அதற்கு மேலும் ஒன்றுண்டு. ரட்டர் அம்மையார் வாங்காமல் இருந்திருந்தால் அத்தாள்கள் என்னவாகியிருக்கும்? மூடப்பட்ட பள்ளியின் குப்பையோடு குப்பையாக எரிந்திருக்கவும் கூடும். வாங்கியவரே காத்தவர், பெட்டியில் இட்டவரே அழியாமல் வைத்தவர். இவ்வுண்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அவ்வாறாயின் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து எழுந்தது? விற்பனைக்கு இரு தரப்பின் மனம் வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். இரவில் பூட்டப்பட்ட கதவுக்குள் உறங்கியவர்கள். அவர்களுக்குத் தம் உடல்மீதே உரிமை இல்லாதபோது, தம் ஓவியத்தின்மீது ‘விற்கிறேன்’ என்றோ ‘விற்கமாட்டேன்’ என்றோ சொல்லும் உரிமை எங்கிருந்து வரும்? தராசின் ஒரு தட்டில் பணம் இருந்தது; மறு தட்டில் இருந்திருக்க வேண்டிய சம்மதம் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அத்தராசு நேராகவே தெரிந்தது. அறத்தின் கண்ணுக்கு அது அன்றே சாய்ந்திருந்தது.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். அப்பிள்ளைகளை எடுத்துச் சென்ற அரசும் ‘காப்பாளர்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. அப்படங்களைப் பெட்டியில் வைத்த நிறுவனமும் தன்னைக் ‘காப்பாளர்’ என்றே கருதியிருக்கும். ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஆகவே காத்தல் என்னும் செயல் தன்னளவில் அறமாகிவிடாது என்பது தெளிவு. யாருக்காகக் காக்கிறோம், யார் கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே அதனை அறமாகவோ அறமின்மையாகவோ ஆக்குகிறது. விடை சொல்லும் கடமை இல்லாத காவல், எத்துணை அன்போடு செய்யப்பட்டாலும், சிறையின் இயல்பைப் பெற்றுவிடுகிறது.

நம் தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் உண்டு. அடைக்கலம் என்பதே அச்சொல். சிலப்பதிகாரத்தில் ‘அடைக்கலக் காதை’ என்றே ஒரு பகுதி அமைந்திருப்பதை நாம் அறிவோம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். கண்ணகிக்கு நேர்ந்த துயரில் மாதரி செய்த குற்றம் யாதொன்றும் இல்லை. கோவலனைக் கொன்றது அரசனின் பிழை; பழி சுமத்தியது பொற்கொல்லனின் வஞ்சம். ஆயினும், தன்னிடம் தரப்பட்ட அடைக்கலத்தைத் தான் காக்கத் தவறியதாகவே மாதரி கருதினாள்; தீயில் புகுந்து உயிர் நீத்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அவள் செயலைப் பின்பற்றுமாறு யாரும் சொல்லார். ஆனால் அவள் உள்ளத்தில் இருந்த அளவுகோலை நாம் பெறலாம். தன் கையில் இருப்பது தன்னுடையதன்று, தன்னை நம்பி வைக்கப்பட்டது என்னும் உணர்வே அந்த அளவுகோல்.

உடைமை என்பது வேறு. அடைக்கலம் என்பது வேறு. உடைமையை விற்கலாம், மறக்கலாம், பெட்டியில் இட்டு மூடலாம். அடைக்கலப் பொருளைக் கொண்டவனுக்கு மூன்று கடமைகள் உண்டு. அதனைப் பழுதின்றிக் காத்தல் முதற் கடமை. அது யாருடையது என்பதை மறவாதிருத்தல் இரண்டாவது. உரியவர் வரும்போது ஒப்படைத்தல், அவர் வர இயலாதவர் எனின் தேடிச் சென்று சொல்லுதல் மூன்றாவது. கோல்கேட் பல்கலைக்கழகம் முதற் கடமையை நெடுங்காலம் செய்தது. மூன்றாவது கடமையை, வாய்ப்பு வந்தபோது, தயங்காமல் நிறைவேற்றியது. அதனால் அது போற்றத்தக்கது. இடையிலிருந்த இரண்டாவது கடமைதான் பெட்டிக்குள் உறங்கிவிட்டது. அவ்வுறக்கத்தின் விலை என்ன? 1949க்கும் 2013க்கும் இடையே அறுபத்து நான்கு ஆண்டுகள். தீட்டிய கைகளுட் பல அதற்குள் மண்ணாகிவிட்டன. ரெவல் கூப்பர் தம் சிறுவயதுப் படங்கள் ஊர் திரும்பியதைக் காணவில்லை.

சிலர் மறுப்புரைக்கலாம். ‘ஒவ்வொரு பொருளையும் ஊருக்கு அனுப்பிவிட்டால் உலகத்தின் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் வெறுங்கூடங்களாகிவிடுமே, பிற நாட்டு மாணவர் ஆதிக்குடிக் கலையை எங்கே காண்பர்?’ என்பர். நல்ல வினாவே. ஆயினும், காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்பதே இங்குள்ள வழக்கு. உரியவர் மனமுவந்து இரவலாகத் தந்தால் உலகம் முழுவதும் காணலாம். விருந்தினரை அழைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்று சொல்வதால் விருந்தோம்பல் கெட்டுவிடாது.

வேறு சிலர், ‘ஒரு பல்கலைக்கழகத்திடமிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்துக்குத்தானே சென்றது? இதில் நூங்கார் மக்களுக்கு என்ன கிடைத்தது?’ என்று கேட்கலாம். இதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று. கர்ட்டின் பல்கலைக்கழகம் நூங்கார் நிலத்தில் நிற்கிறது. வரைந்தவர்களின் வழியினர் நடந்து வந்து தம் பாட்டனின் கையெழுத்துக்கு எதிரே நிற்க முடிகிறது. அமெரிக்காவில் அவை இருந்தபோது இது கைகூடாத ஒன்று. ஆனால், அப்பல்கலைக்கழகமும் தன்னை உரிமையாளர் என எண்ணாது பொறுப்பாளர் என்றே எண்ணும் வரையில்தான் இத்திருப்பம் அறமாக நிலைக்கும். இடம் மாறியதனால் மட்டும் அடைக்கலம் நிறைவேறிவிடாது. வைத்திருப்போரின் மனம் மாற வேண்டும்.

பொருளைத் திருப்புவது ஒன்று. அதன் பயனைத் திருப்புவது மற்றொன்று. ஆல்பர்ட் நமாட்ஜிராவின் கதை இதனை விளக்கும். நடு ஆஸ்திரேலியாவின் அரெண்டா மக்களுள் தோன்றிய அவ்வோவியர் 1902ஆம் ஆண்டில் பிறந்து 1959ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய படைப்புகளின் பதிப்புரிமையை 1983ஆம் ஆண்டில் அரசு அறங்காவல் அலுவலகம் 8,500 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றுவிட்டது. அவர் வழியினர் நெடுங்காலம் போராடி, 2017ஆம் ஆண்டிலேயே அதனைத் திரும்பப் பெற்றனர். அறங்காவல் என்று பெயர் தாங்கிய ஓர் அலுவலகமே அடைக்கலப் பொருளை விலை பேசியது எனின், பெயர்கள் நம்மைக் காப்பாற்றமாட்டா என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதியபின் என்னைப் பற்றி எழுதாமல் விடுவது முறையன்று.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் பணியாற்றிய முதற் பள்ளி ஒரு தோட்டப் பள்ளி. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் வண்ணக்கோலால் ஒரு படம் வரைந்தான். விடியுமுன் இருட்டு. லயத்து வீடுகளின் வரிசை. ஒரு வீட்டின் வாயிலில், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டுக்குப் புறப்படும் தாய். பின்னால் மரத்தடியில் முனியாண்டி கோயில். அந்த விளக்கின் மஞ்சள் ஒளியை அவன் எவ்வாறு வரைந்தான் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அதனை வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். பரிசளிப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் அதனைக் கண்டு வெகுவாகப் பாராட்டினார். உடனே அதனைக் கழற்றிச் சட்டமிட்டு, மேடையில் அவருக்கு நினைவுப் பரிசாக அளித்தேன். அவையோர் கைதட்டினர். மாணவனுக்கு நான் செய்த பெருஞ்சிறப்பாகவே அதனைக் கருதினேன். அவனை ஒரு சொல் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர் என்னைத் தேடி வந்தார். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வீடமைப்புத் திட்டம் எழுந்திருந்தது. அவர் தாயார் அவ்வாண்டில்தான் இறந்திருந்தார். தாயாரின் படம் என்று குடும்பத்திடம் இருந்தது அடையாள அட்டையில் இருந்த முகம் ஒன்றே. “ஐயா, நான் வரைந்த அந்தப் படம் பள்ளியில் எங்கேயாவது இருக்குமா?” என்று கேட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். விருந்தினர் இருக்கும் இடமும் எனக்குத் தெரியாது. அவர் அதனை வைத்திருப்பாரா என்பதும் தெரியாது. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “தெரியும் ஐயா. நானும் சேர்ந்துதானே கைதட்டினேன்” என்றார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நூங்கார் பிள்ளைகளுக்கு நேர்ந்ததையும் எங்கள் தோட்டத்தில் நேர்ந்ததையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்த கொடுமை வேறு. தெரியாத்தனத்தால் ஒரு படத்தைக் கொடுத்துவிட்ட பிழை வேறு. அளவில் ஒன்று மலை, மற்றொன்று கடுகு. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் உறைகிறது: ‘சிறியவரின் பொருளை முடிவு செய்யும் உரிமை பெரியவராகிய நமக்கு உண்டு, நாம் நல்லதைத்தானே செய்கின்றோம்’ என்னும் எண்ணம். பெருந்தீங்குகள் பலவும் நல்லெண்ணத்தின் மேடையில்தான் அரங்கேறுகின்றன. கேட்காமல் செய்த நன்மை, பெற்றவனின் கணக்கில் நன்மையாக எழுதப்படுவதில்லை.

நம் நாட்டிலும் ஆதிக்குடிகள் உள்ளனர். கேரித் தீவின் மா மெரி மக்கள் செதுக்கும் மரச்சிற்பங்களையும் முகமூடிகளையும் நாம் வியந்து காண்கின்றோம், விலை கொடுத்து வாங்குகின்றோம், வரவேற்பறையில் வைக்கின்றோம். செதுக்கியவரின் பெயரைக் கேட்டு வாங்குவோர் நம்மில் எத்துணைப் பேர்? அச்சிற்பம் எந்த முன்னோரை, எந்தக் கதையைச் சொல்கிறது என்று வினவியோர் எத்துணைப் பேர்? பெயரறியாது வைத்திருப்பது அழகுப் பொருளாகலாம், அடைக்கலப் பொருளாகாது.

அந்த மாணவர் வந்து சென்ற மறுநாளே நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்களாயின், நாணத்தோடு சொல்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. கேரோலப் பிள்ளைகளின் வரலாற்றைப் படித்தபிறகே அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். பல படங்களில் பெயர் இல்லை. ஆசிரியராகிய நாம் மதிப்பெண்ணை மறவாது எழுதியிருந்தோம், பெயரை எழுதவில்லை. பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்த்தும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரைக் கேட்டும் சிலவற்றுக்கு உரியவரைக் கண்டோம். திருப்பிக் கொடுத்தோம். சிலர், “பள்ளியிலேயே இருக்கட்டும் ஐயா” என்றனர். அவற்றைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கீழே பெயரும் ஆண்டும் எழுதி, உரியவரின் இசைவுடன் வைக்கப்பட்டது என்றும் குறித்திருக்கிறோம். முன்பும் அவை பள்ளியில்தான் இருந்தன. இன்றும் பள்ளியில்தான் இருக்கின்றன. ஆனால் இடையில் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, ஒரு விடை பெறப்பட்டிருக்கிறது. அறம் என்பது அந்தக் கேள்வியிலும் விடையிலும்தான் இருக்கிறது என்று இன்று நம்புகிறேன்.

கேரோலப்பின் தாள்கள் ஊர் திரும்பிவிட்டன. அங்கே இழக்கப்பட்ட குழந்தைப் பருவங்களை எந்தக் கப்பலும் கொண்டுவந்து சேர்க்காது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதனாலும் அவை திரும்பா. திருப்பித் தரக்கூடியது சிறிதே. சிறிது என்பதனாலேயே அதனைத் திருப்பித் தருவதில் காலந்தாழ்த்துவது பெரும் பிழையாகிறது.

என் மாணவரின் படம் இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.